அம்மா செய்த மசியல்

“கட்டி” என்று அப்பா மூன்றாவது முறையாகத் துப்பினார். பக்கவாதம் வந்தபின் அவர் தொண்டையில் இறங்குவது மசித்த உருளைக்கிழங்கு மட்டும்தான். அதிலும் நொட்டை.

“சூடு ஆறுறதுக்குள்ள மசிச்சு, காய்ச்சின பாலும் வெண்ணெயும் விட்டுத்தான் கொண்டுவந்தேன். இன்னும் என்ன பண்ணணும்?” என்றாள் மகள்.

“உங்கம்மா செஞ்சா வழுக்கிக்கிட்டு இறங்கும். அவ கைப்பக்குவத்துல கால்வாசி வருமா உனக்கு?”

அம்மா செத்தும் இந்தப் பாட்டு ஓயவில்லை. மகள் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள்.

“அம்மா கையை முறுக்கி ஒடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அவங்களால மத்தைப் பிடிக்கவே முடியல. தெரிஞ்சா இன்னொரு கையும் போயிடும்னு உங்ககிட்ட மறைச்சுட்டாங்க. அத்தனை வருஷமும் மசிச்சது நான்தான். ஆரம்பிச்சப்ப எனக்கு ஒன்பது வயசு.”

அப்பா கிண்ணத்தையே வெறித்தார். ஆனாலும் விட மனசில்லை.

“ஒன்பது வயசுல அவ்வளவு நல்லா மசிச்சவளுக்கு இப்ப மட்டும் ஏன் கட்டி விழுது?”

மகள் அடுத்த கரண்டியை அள்ளி நீட்டினாள்.

“அப்ப பயந்து பயந்து மசிச்சேன்ப்பா. வாயைத் திறங்க.”