தவக்கால வெள்ளி

“இண்டைக்குத் தவக்கால வெள்ளி, சேர். இதுகள் எல்லாம் வேதக்காரப் பிள்ளையள், ஒருசந்தி விரதம். நான் சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடாயினம்.”

முதலாளி பணிவாகத்தான் சொன்னார். முதல்நாளே தனக்குள் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

தொழில் அதிகாரி தலையாட்டிக்கொண்டு கோப்பை மூடினார்.

சுவர் மணிக்கூட்டில் மூன்றே கால். காலை ஏழு மணியிலிருந்து முப்பத்தொரு பெண்கள் நின்றபடி நண்டுச் சதை பிரித்துக்கொண்டிருந்தோம். பைகள் கதவுக்குப் பின்னால் ஆணிகளில் தொங்கின. உள்ளே சாப்பாட்டுப் பெட்டிகள், திறக்காமலே. எல்லா நாளும் இப்படித்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் தருவதில்லை என்று முல்லைத்தீவுத் தொழில் கந்தோருக்குக் கடிதம் போட்டது நான். பெயர் எழுதவில்லை. ஆனால் தட்டுகளில் தினமும் நிறை எழுதுவதும் நான்தான். அதிகாரி போனதும் கடிதத்தில் இருந்தது யாருடைய கையெழுத்து என்று முதலாளி தேடத் தொடங்குவார்.

தொப்பியை மேலே தள்ளி என் பொட்டைக் காட்டியிருந்தாலே போதும். கை எழும்பவில்லை. அவ்வளவு பயம்.

எனக்கு எதிரே நின்ற சுசிலா அக்கா கையுறைகளைக் கழற்றினார். கடிதம் யார் எழுதியது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

கதவுக்குப் பின்னால் போய் ஒரு பெட்டியோடு வந்தார். அதிகாரியின் சப்பாத்துக்கு முன்னால், ஈரத் தரையில் சப்பணமிட்டு இருந்தார். சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தார்.

“காலமை ஏழு மணிக்கு வந்தனாங்கள், சேர். இன்னும் சாப்பிட விடேல்லை.”

சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. அவசரப்படவே இல்லை.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். கதிரையை இழுத்து மறுபடி இருந்து கோப்பைத் திறந்தார். எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் பையை எடுக்கப் போனார்கள்.

நான் மட்டும் போகவில்லை. சுசிலா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கும்பிட வேண்டும்போல இருந்தது.

முதலாளி சொன்னது எங்களில் ஒருத்தியைப் பொறுத்தவரை உண்மை. அது அவருக்கே தெரியாது.

தவக்கால வெள்ளிகளில் பொழுதுபடும்வரை சுசிலா அக்கா தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காணாமல் போன மகன் திரும்பி வர வேண்டும் என்று வைத்த நேர்த்தி. பதினாறு வருடத்தில் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை.

கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடித்தார். எழுந்து போய்ப் பெட்டியைக் கழுவி, ஈரம் துடைத்து, திரும்பவும் என் பைக்குள் வைத்தார்.