மார்கிட் கொடுத்த கோட்டு

“கழட்டு! இப்பவே கழட்டு! ஒரு ஏழைப் பொண்ணுக்குக் குடுன்னு தந்த கோட்டு, உன் உடம்புல என்ன பண்ணுது?”

பேராசிரியர் மார்கிட் போட்ட கூச்சலில், மினியாபொலிஸ் குளிரிலும் எங்கள் தெருவின் ஜன்னல் திரைகள் எல்லாம் விலகின. என்னுடையது கொஞ்சம் முன்னதாகவே விலகியிருந்தது, அது வேறு விஷயம்.

பஸ் ஸ்டாப்பில் தலைகுனிந்து நின்றவள் கோரா. மார்கிட்டின் ஆராய்ச்சி உதவியாளர். டாக்டர் பட்டம் உண்டு. நிரந்தர வேலைதான் இல்லை. புத்தக வேலை என்று ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வரவழைத்திருந்தார் மார்கிட்.

அவள் மறந்து வைத்துவிட்ட மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கத்தான் பின்னாலேயே ஓடிவந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கோரா போட்டிருந்தது மெல்லிய ஜாக்கெட். பஸ் ஸ்டாப்பில் பைக்குள்ளிருந்து வெளிவந்ததோ மார்கிட்டின் கம்பளிக் கோட்டு!

“நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க மார்கிட்…”

“என்னத்தைக் கேக்கறது? வீட்டுல ஹீட்டர் போட முடியாம, வேலை பார்க்கிற இடத்துலயே இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கா அவ. அந்தப் பேட்டியைப் படிச்சிட்டு நான் அழுதேன், தெரியுமா? அவளுக்குக் குடுத்ததைப் போய்… உனக்கு வெக்கமா இல்ல?”

மார்கிட் எழுதிக்கொண்டிருந்தது, வேலை இருந்தும் வயிறு நிறையாதவர்களைப் பற்றிய புத்தகம். பேட்டி எல்லாம் எடுத்தது கோராதான். பெயரை யாரிடமும் சொல்வதில்லை என்ற வாக்குறுதியோடு எடுத்த பேட்டிகள் என்பதால், அந்தப் பெண் யாரென்று மார்கிட்டுக்கே தெரியாது.

“இருக்கு,” என்றாள் கோரா. கோட்டைக் கழற்றி, அழகாக மடித்து நீட்டினாள். பஸ் வந்தது.

சாயங்காலமே மார்கிட் எங்களிடம் புலம்பித் தீர்த்தார். “இவளைப் போய்த் தலையில தூக்கி வெச்சிருந்தேனே! எல்லாரும் போனப்புறமும் ஆபீஸ்லயே உக்காந்திருப்பா. என்ன உழைப்புடா சாமின்னு நெனச்சேன்.”

“யாரைத்தான் நம்பறது!” என்று நாங்களும் வஞ்சனையில்லாமல் உச்சுக்கொட்டினோம்.

கோராவின் ஒப்பந்தம் அடுத்த வருடத்துக்கு நீளவில்லை. அன்றைக்கு வந்த பஸ்ஸின் டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டு டுலூத் ஊர்ப் பக்கம் போய்விட்டாள். கோட்டுத் திருடிக்கு வந்த வாழ்வைப் பார் என்று நான்கூட நாலு பேரிடம் சொன்னேன்.

புத்தகம் பரிசு வாங்கியது. மார்கிட் வீட்டுச் சமையலறையில் எல்லோருக்கும் கேக். அந்த உற்சாகத்தில், எங்கள் காது குளிர ஸ்பீக்கரைப் போட்டுக் கோராவைப் போனில் கூப்பிட்டார்.

“நடந்தது போகட்டும் கோரா. உன்னை மன்னிச்சுட்டேன். அந்தக் கோட்டு இன்னும் இங்கதான் தொங்குது. இப்பவாவது அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லு. நானே நேர்ல போய்க் குடுக்கறேன்.”

 நாங்கள் கேக் தட்டோடு போனைச் சுற்றி நெருங்கினோம்.

“அது அன்னைக்கே அவகிட்ட சேர்ந்துடுச்சு மார்கிட். நீங்கதான் கழட்டி வாங்கிட்டீங்க.”