கிணற்றடி ஒரிகு

"பேய்க்குத்தான் காலே கிடையாதே, பாதத்தை மட்டும் சீவிடறேன் முதலாளி. கண்ணு அப்படியே இருக்கட்டுமே" என்று கெஞ்சினான் அச்சுப் பலகை செதுக்கும் கென்சோ.

"சிரிக்கிற கண்ணோட பேய் எங்கய்யா இருக்கு? பாக்கறவனுக்குக் குலை நடுங்க வேணாமா?" என்றார் படக்கடைக்காரர் கிஹெய்.

எதிரே இருந்த செர்ரிமரப் பலகையில், போன மாதம் காய்ச்சலில் இறந்துபோன தேநீர்க்கடைப் பெண் ஒரிகு சிரித்துக்கொண்டிருந்தாள். எடோ நகரமே வாங்கி மாட்டிய படம் அது. பலகையைத் திருத்துவது சுலபம். பழைய கண்ணைக் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் அதே அளவு மரத்துண்டை அடித்து இறுக்கி, புதுக் கண்ணைச் செதுக்கினால் போதும். அச்சில் ஒட்டுப்போட்டதே தெரியாது.

"அவ பேயா வர்றதா யார் சொன்னா?"

"நான்தான்! கிணத்தடியில நிக்கறான்னு நாலு பேர் காதுல போட்டேன். இப்போ தெருவே பாத்துட்டேங்குது. கோடையில பேய்ப்படம் பின்ன எப்படி விக்கும்? உன்னால முடியலைன்னா சொல்லு, வேற ஆளைக் கூப்பிட்டா மூஞ்சியையே கோரமாக்கித் தருவான்."

கென்சோ உளியை எடுத்தான். கண்கள் பெயர்ந்து வந்தன.

மதியம் சோற்றோடு வந்த மனைவி ஒகானேயைக் கண்டதும், அவசரமாகப் பலகையைத் துணியால் மூடினான்.

அவள் எதையும் கவனிக்கவில்லை. "இன்னிக்கும் கிணத்தடியில காத்திருந்துட்டுத்தாங்க வரேன்" என்றாள். "ஊர்ல எல்லார் கண்ணுக்கும் தெரியறா. பெத்தவ கண்ணுக்கு மட்டும் வரமாட்டேங்கறா. நம்ம பொண்ணுக்கு என்மேல அப்படி என்னங்க கோவம்?"