காயாத வார்னிஷ்

பிரசங்கத்தின் நடுவில் மின்விசிறிகள் நின்றன.

அவர் தூணோரம் நின்றிருந்தார். கை தானாகப் பக்கத்து பெஞ்சின் முனைக்குப் போனது.

கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது.

இழுத்தார். சின்னதாக ஒரு சத்தம்.

காலையில் தொட்டபோது வார்னிஷ் காய்ந்துதான் இருந்தது. சத்தியமாகக் காய்ந்திருந்தது.

இருபத்திரண்டு பெஞ்சு. அத்தனையிலும் ஆள். பெண்கள் பக்கம் முழுக்கப் பட்டு.

மணி அடிப்பதும் கூட்டிப் பெருக்குவதுமாக இந்த வேதக்கோயிலில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவர். இன்று பீடத்துக்கு முன்னால் முக்காடிட்டு உட்கார்ந்திருப்பது அவருடைய மகள் எப்சிபா. மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டையில் பேர்சொல்லும் குடும்பம். மாப்பிள்ளையின் தாயார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அவர்கள் வந்து உட்காரும் பெஞ்சு நிறம் செத்துக் கிடக்கலாமா என்று இவருக்கு ஒரு ரோஷம்.

சாமான் அறையில் ஆறு டப்பா வார்னிஷ் இருந்தது. கோபுர வேலை நடந்த காலத்தில் மிஞ்சியது. பதினான்கு வருடம் ஆகிறது. மூடியை நெம்பினால் மேலே தடிமனாக ஆடை கட்டியிருந்தது. கிழித்து எறிந்தார். டர்பன்டைன் ஊற்றிக் கலக்கினார். தேன் மாதிரி வந்தது.

பாலிஷ் வேலை பார்க்கும் இசக்கி அப்போதே தலையில் அடித்துக்கொண்டான். பழசு பளபளக்கும், ஆனால் காயாது, காய்ந்த மாதிரி நடிக்கும், ஆள் சூடு பட்டால் இளகிவிடும், முதலில் ஒரு பலகைத் துண்டில் தடவி ஒரு வாரம் பாரும் என்று படித்துப் படித்துச் சொன்னான். இவர் கேட்டால்தானே. இறுக்கி மூடி வைத்தது கெட்டுப்போக இதென்ன பாலா என்று அவன் வாயை அடைத்துவிட்டார். பொறுத்துப் பார்க்கக் கையில் ஒரு வாரமும் இல்லை.

பெஞ்சுகள் பளபளத்தன. வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

போதகர் பிரசங்கத்தை முடிக்கிற பாடாக இல்லை. முடிக்கவே கூடாது என்று இவர் வேண்டிக்கொண்டார், பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக.

முடிந்தது.

ஜெபமும் முடிந்தது. மணமக்கள் வெளியே செல்லும்போது எல்லோரும் எழுந்து நிற்போம் என்றார் போதகர்.

முன்வரிசையில் தலைமையாசிரியை எழுந்தார். பாதிதான் எழ முடிந்தது. பலகை பட்டுச் சேலையை விடவில்லை.

மறுபடி உட்கார்ந்தார்.

குனிந்து பார்த்தார். பலகையை ஒரு விரலால் தொட்டார். முகர்ந்தார். நிமிர்ந்து தேடி, தூணோரம் நின்ற சம்பந்தியைக் கண்டுபிடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நகங்களைப் பார்த்தார். எத்தனை தேய்த்தும் போகாத பழுப்பு.

இவர் கைகளைப் பின்னால் மறைத்தார். இதோ, கிழிகிற சத்தம் வரும். சிரிப்பு வெடிக்கும். அந்தச் சிரிப்புக்குள்தான் எப்சிபா நடந்து போக வேண்டும். ஆயுசுக்கும் அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

பின்வரிசைகளில் ஒன்றிரண்டு பேர் அசைந்தார்கள்.

தலைமையாசிரியை திரும்பினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒரே ஒருமுறை அசைத்தார். எத்தனை வருடம் பள்ளிக்கூடத்தை அடக்கிய கையோ, அசைந்தவர்கள் அப்படியே அமர்ந்தார்கள். ஆண்கள் பக்கமும்.

போதகர் விழித்தார். மருமகள் வரும்போது மாமியார் எழவில்லை என்றால் சபை என்ன நினைக்கும்?

இவர் ஓடிப்போய் அந்த அம்மாவிடம் குனிந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல பிள்ளைங்க வெளியே போகட்டும் அண்ணாச்சி. நாங்க பொறவு எந்திரிச்சுக்கிடுதோம்."

மணமக்கள் நடந்து வந்தார்கள். உட்கார்ந்தே இருக்கும் மாமியாரைப் பார்த்ததும் எப்சிபாவின் கால் தயங்கியது.

அந்த அம்மா சிரித்தார். போ என்று கண்ணைக் காட்டினார்.

பிறகு, அதுவரை எதிலும் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தவர், பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, முதுகையும் அந்த ஒட்டும் பெஞ்சில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.