கை நோகாமல்

“போறவ கை நோகாம போகட்டும்” என்று முனகியபடி மாமியார் ஸ்க்ரூ டிரைவரைத் திருகினார். கூடத்து நடுவில் மருமகளின் நீலச் சக்கரப் பெட்டி சாய்ந்து கிடந்தது.

உள்ளறை வாசலில் நின்ற மருமகளுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று காலையிலிருந்து காத்திருந்தாள். அவரோ பெட்டிக்குக் கூடுதலாக ஒரு கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார்.

“கடையிலேர்ந்து எடுத்தீங்களா அத்தை? அவருக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்.”

“தெரிஞ்சா தெரியட்டும். அவனுக்கு முன்னாடியே அந்தக் கடையில உக்காந்து சக்கரம் மாட்டினவ நான்.”

பெட்டி விற்கவும் பழுது பார்க்கவும் மாமனார் வைத்த கடை அது. இப்போது மகன் பார்க்கிறான். சரக்கு பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே பெண்டாட்டியை வாய்க்கு வந்தபடி பேசுவான்.

போன வாரம் பேச்சோடு நிற்கவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்தது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் மாமியார். வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். மகன் கத்த ஆரம்பித்தால் அவர் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்.

“சரக்கு எடுக்கப் போனவன் சாயங்காலம் வந்துடுவான். அதுக்குள்ள கிளம்பணும். நீ குளிச்சுட்டு ஏதாவது சாப்பிடு. பெட்டியை நான் பாத்துக்கறேன்.”

துரத்துவதில்தான் எத்தனை அவசரம் என்று நினைத்துக்கொண்டாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. இடது கையால் தண்ணீர் மொண்டு குளித்து, புடவை சுற்றி முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு வாயோடு எழுந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது பெட்டி பூட்டப்பட்டு நிமிர்ந்து நின்றது. அதன் இழுகம்பிமேல் ரப்பர் உறை போட்ட வளைந்த கைப்பிடி. கம்பியோடு சேர்த்து நாலு இரும்புப் பட்டை போட்டு அதை இறுக்கியிருந்தது.

அவளும் பெட்டிக் கடைக்காரன் பெண்டாட்டிதானே. சாதாரணப் பெட்டிக்கு ரெண்டு பட்டை, கல்லாய்க் கனக்கிற பெட்டிக்குத்தான் நாலு.

“நாலு புடவைக்கு எதுக்கு அத்தை இத்தனை பட்டை?”

“இருக்கட்டும். நடுவழியில கழண்டு வந்தா யாரைக் கூப்பிடுவ? இடது கையில பிடி. பின்னால இழுக்காத, பக்கத்துல நிறுத்தித் தள்ளு. பாரம் மொத்தமும் சக்கரத்துக்குப் போயிடும், உனக்குத் தெரியவே தெரியாது.”

கதவைப் பூட்டிக்கொண்டு மாமியாரும் கூடவே இறங்கினார்.

“நீங்க எதுக்கு அத்தை வெயில்ல? முட்டி வலி வேற.”

“நீ பஸ்ஸுல ஏறினாத்தான் எனக்கு நிம்மதி.”

அவள் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தித் தள்ளினாள். பெட்டி சொன்னபடி கேட்டது. பள்ளம் மேடு தெரியாமல், இரண்டு விரலுக்கே உருண்டு வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு இவ்வளவுதான் பாரமா என்று இருந்தது அவளுக்கு.

“தையல் வேலைக்குச் சொன்னாளே உன் சிநேகிதி, அவ பாத்து வச்ச ரூம் மாடியிலயா?”

“இல்ல, கீழதான்.”

“நல்லதாப் போச்சு. பெட்டியோட மாடி ஏற வேண்டாம்.”

அதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. ‘உன்னை மறக்கமாட்டேன்’ என்று அத்தை சொல்லவேண்டாம். ‘போனதும் போன் பண்ணு’ என்றாவது சொல்லியிருக்கலாம். பெற்ற தாயை இழந்த பிறகு அவள் ‘அத்தை’ என்று வாய் நிறையக் கூப்பிட்டது இவரை ஒருத்தரைத்தான்.

பஸ் புறப்படத் தயாராக நின்றது. சாமான் ஏற்றுகிறவன் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையும் போட்டு, முக்கி முனகி உள்ளே தள்ளினான்.

“என்னக்கா, வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

அவளுக்குப் புரியவில்லை. “அத்தை...” என்று திரும்பினாள். மாமியார் நின்ற இடத்தில் யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எங்கு தேடியும் அவரைக் காணோம்.

ஒரு கையசைப்புக்குக்கூட நிற்கவில்லை. சரிதான், அவருக்கு மகன்தானே எல்லாம்.

ஏறி, காலியாக இருந்த இருக்கையின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வண்டி உறுமி நகர்ந்தபோது அதுவரை வராத அழுகை வந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலோடு, மறு கையால் பஸ் கம்பியைப் பிடித்தபடி மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

“என் துணியும் அதுலதான் இருக்கு. நகந்து உக்காரு.”