கங்காணியை வெட்டியதைப் பார்த்தவர்கள்

“என் கண்ணால பார்த்தேங்க. நாலாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தேன். கங்காணி விழுந்தப்ப ரத்தம் என் கூடையில தெறிச்சுச்சு” என்றாள் ராக்காயி.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுதிக்கொண்டார். “எந்த வருசம்?”

“நாப்பத்து மூணு. ஆடி மாசம்.”

“அப்ப உம்மடை லயத்து வீடுகளிலை ஆர் ஆர் இல்லை?”

“எல்லாரும் இருந்தோமுங்க. சிவசாமி மட்டும்தான் இல்லை. ஊருக்குப் போயிருந்தாரு.”

“சரி, போம்.”

பெரிய கங்காணி சோலைமலை வெட்டுப்பட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்று போலீஸ் வந்து கேட்டபோது தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் கண் தெரியவில்லை. எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்களாம். கேஸை மூடிவிட்டார்கள். இப்போது, இந்த ஒரு வாரத்தில், அதே கொலையை அறுபத்திரண்டு பேர் பார்த்துவிட்டார்கள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் அல்ல. பிரஜாவுரிமை மனுக்களை விசாரிக்கும் யாழ்ப்பாணத்து அதிகாரி. நாற்பத்து மூன்றில் நீ இலங்கையில் இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார். ஆபீஸிலிருந்த பழைய பெயர்ப் பதிவுகளைக் கறையான் தின்றுவிட்டது. அந்த வருஷத்தில் மிச்சமிருப்பது இந்தக் கொலை ஒன்றுதான்.

வெட்டியது யார் என்று அதிகாரி யாரிடமும் கேட்கவில்லை. அது அவருடைய இலாகா இல்லை.

வாசலில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

“வெட்டினவன் நெட்டை. கறுப்புக் கம்பளி போத்தியிருந்தான்” என்றார் முதல் நாளே விசாரணை முடித்துவிட்ட பொன்னையா.

“குட்டைண்ணே. நீங்க பள்ளத்துல நின்னு பார்த்திருப்பீங்க” என்றாள் வெளியே வந்த ராக்காயி.

“நீ சொன்னா சரிதான். உன் கூடையிலதானே ரத்தம். நேத்து அம்மாக்கண்ணு கூடையிலயும் அதே ரத்தம். ஒரு ஆளு உடம்புல எத்தனை கூடை ரத்தம்தான் இருக்கும்? எப்படியோ, கங்காணி குப்புற விழுந்தாரு.”

“குப்புற விழலை. செடியில சாய்ஞ்சு, உட்கார்ந்த மாதிரி…” என்று தொடங்கிய சிவசாமி நிறுத்திக்கொண்டான்.

பொன்னையா சிரித்தார். “நீ எங்கய்யா பார்த்தே? அதுக்கு முந்தின வாரமே அப்பா அஸ்தியோட ராமேஸ்வரம் போயிட்டியே. கொட்டகலை ஸ்டேஷன்ல உன்னை ரயிலேத்தி விட்டதே நாங்கதானே.”

அது தோட்டமே அறிந்த கதை. காய்ச்சலில் கிடந்த சிவசாமியின் அப்பாவை மலைக்கு விரட்டியது சோலைமலை. மனுஷர் மலையிலேயே செத்துப்போனார். இந்த மாதிரி ஒரு கதை வீட்டுக்கு வீடு இருந்தது. சோலைமலை எந்த வீட்டுக்கும் குறை வைக்கவில்லை. அஸ்தியோடு போன சிவசாமி ஒன்றரை வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் மனு தள்ளுபடி. சிவசாமியின் மனுவில் அவன் மனைவி பூரணியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஐந்து பேரும் இந்தியாவைக் கண்டதில்லை.

“அத்தனை பேரும் கூசாம பொய் சொல்றாங்க. உங்க விசயத்துல மட்டும் எல்லாருக்கும் உண்மை பேசணும்னு தோணிப்போச்சு” என்றாள் பூரணி. “நீங்களும் ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. தள்ளிட்டாங்கன்னா இதுக நாலையும் இழுத்துக்கிட்டு எந்த ஊர்ல போய் இறங்குறது?”

சிவசாமியைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி தாளைப் புரட்டினார். “நாற்பத்து மூண்டு ஆடியிலை நீர் இந்தியாவிலை எண்டு அறுபத்திரண்டு பேரும் சொல்லியிருக்கினம். வேறையொண்டிலும் அவை இப்பிடி ஒற்றுமையாய்ச் சொல்லேல்லை.”

“ஊருக்குப் போகலைங்க.”

“ரயில் ஏறினீரோ?”

“ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் அட்டன்லயே இறங்கிட்டேன்.”

“ஏன்?”

ஜன்னலுக்கு வெளியே, கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பூரணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“ஒரு வாரம் காட்டுக்குள்ள கிடந்தேங்க. அப்புறம் நாலாம் நம்பர் மலைக்கு வந்தேன். சோலைமலையை வெட்டினது நான்தான்.”

 வாசலில், ஒரே வாரத்தில் கண் தெரிந்த அத்தனை பேரும் இப்போதுதான் முதல்முறையாக எதையோ பார்ப்பதுபோல நின்றார்கள்.

“உடப்புசல்லாவைப் பக்கம் வேற பேர்ல வேலை செஞ்சேங்க. ஒன்றரை வருசம். ஒரு நாள்கூட இந்த நாட்டை விட்டுப் போகலை. என்னைத் தூக்குல போடட்டும், பரவாயில்லைங்க. எம்புள்ளைங்க மனுவை மட்டும் தள்ளிராதீங்க.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“அதுக்குச் சாட்சி இருக்கோ?”