அறுபதில் நின்ற முள்

லாரிக்குப் பெரிய சக்கரமும் டயரும் மாட்டி இரண்டு வருஷம் கழித்துத்தான் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுவது சூசைமாணிக்கத்துக்குத் தெரியவந்தது. பக்கத்து இருக்கையில் செல்போனில் வேகம் பார்த்துக்கொண்டே வந்த மெக்கானிக் கதிர்வேல், "அண்ணே, முள்ளு அறுபது காட்டுது, வண்டி எழுபதை நெருங்குது. டயர் பெருசானா முள்ளையும் திருத்தணும். யாரும் சொல்லலையா?" என்றான்.

சொன்னவள் ஒருத்தி இருந்தாள். அந்த இருக்கையில்தான் அவர் மனைவி அமலி உட்கார்ந்து வருவாள். புது டயர் போட்ட நாளிலிருந்து, "வேகமாப் போறீங்க" என்று இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். அவரோ ஒவ்வொரு முறையும் முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை நகத்தால் தட்டி, "அறுபது. கண்ணு தெரியலையா?" என்பார். ஒருநாள், "முள்ளு பொய் சொல்லுதா, நீ சொல்றியா?" என்று கத்திவிட்டார். கயத்தாறு தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறியவள்தான், திரும்பி வரவில்லை.

பட்டறையில் கதிர்வேல் முள்ளைச் சரிசெய்து கொடுத்தான். சூசைமாணிக்கம் தனியாகக் கிளம்பினார். பக்கத்து இருக்கைக்குக் கீழே, ரப்பர் விரிப்பில் அவள் கால் மிதித்த இடம் மட்டும் தேய்ந்து தகரம் தெரிந்தது. புறவழிச்சாலையில் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவளுக்குப் போன் போட்டார்.

"முள்ளைத் திருத்திட்டேன்."

 "இப்ப எவ்வளவுல போறீங்க?" என்றாள் அவள்.

அவர் முள்ளைப் பார்த்தார். "நிக்கிறேன்" என்றார்.